பஞ்சுக்குள் கிடந்தது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். வலது கைப் பெருவிரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். நேற்று போனில், சமாதானமாகப் போய்விடுங்கள் அம்மா, காஜா அத்தை மகன் அழுகிறான் என்றாய். அவன் உனக்குச் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. போனில் என்றால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

காஜா அத்தைக்கு நான் போர்வை தைத்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். தையல் கம்பெனியில் இருபது வருஷம் எனக்குப் பக்கத்து மிஷினில் பட்டன் துளைக்குக் காஜா போட்டவள். மேலே வெட்டித் தள்ளிய துண்டுத் துணிகள், அடியில் பழைய விரிப்பு, நடுவில் பஞ்சு. எட்டு மாத வேலை. அன்று மத்தியானம் மூன்று பக்கம் மூடியாகிவிட்டது, நாலாவது திறந்திருந்தது. அத்தை ஓரத்தைப் பிடித்திருந்தாள், நான் ஊசி கோர்த்தேன். அவள் மகன் நம் வீட்டுக்குள் வந்தான். வீட்டை எழுதித் தருகிறாயா இல்லையா. ஒரே கேள்வி. முதலில் உட்கார் என்றாள். தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் இடித்தான். இரண்டு முறை. மூன்றாவது முறை சத்தம் வேறாக இருந்தது. இஸ்திரிப்பெட்டி கைக்கு எட்டியது. சூடாக இருந்தது. தெரிந்துதான் எடுத்தேன். அவன் முழங்கையில் வைத்து அழுத்தினேன். தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், என் கையால் எத்தனையோ வேளை சாப்பிட்டவன். நெஞ்சு பதறவில்லை. இப்போதும் பதறவில்லை. அது ஒன்றுதான் பயமாக இருக்கிறது.

அவன் ஓடினான். அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு தரையில் கிடக்கிறாள். போர்வையெல்லாம் ரத்தம். அவள் கையில் ஒரு துணியைக் கொடுத்துவிட்டு நான் போர்வையைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடினேன். பச்சைத் தண்ணீர், உப்பு. காய்ந்தால் போகாது. நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போனது. கறை போன பிறகுதான் வண்டி கூப்பிட்டேன். அவளுக்கு உதட்டில் நாலு தையல். முன்பல் ஒன்று காணோம். மேசைக்கு அடியில் தேடினேன், கிடைக்கவில்லை. தையல் போட்ட டாக்டரைக் கம்பெனியில் சேர்த்தால் ஒரு நாள் தாங்கமாட்டான் என்று எழுதிக் காட்டினாள். மூன்றாம் நாள் போர்வை காய்ந்ததும் நாலாவது பக்கத்தையும் மூடி, நம் வீட்டிலேயே படுத்திருந்த அவள்மேல் போர்த்தினேன். முடித்துவிட்டேன் என்றேன். விரலால் தையலைத் தடவிப் பார்த்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

அதற்குள் அவன் புகார் கொடுத்திருந்தான். அம்மா எங்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தாள், பார்க்கப் போன என்னை இந்தம்மா சுட்டாள் என்று. மறுநாள் ஒரு பெண் போலீஸ் அதிகாரி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். ரத்தம் பட்ட துணி எங்கே என்றாள். துவைத்துவிட்டேன் என்றேன். "ஏம்மா, இங்க என்ன கறை போக்குற போட்டியா நடக்குது?" என்றாள். அத்தையிடம், வழுக்கித்தானே விழுந்தீர்கள் என்று கேட்டாள். அத்தை தலையை ஆட்டினாள். ஆமாம் என்று. என் எதிரிலேயே. என் முகத்தைப் பார்க்காமல். அவள் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. அதிகாரி எழுதி முடித்து என்னை ஸ்டேஷனுக்குக் கிளம்பச் சொன்னாள். வாசல்வரை போய்விட்டேன்.

"பிரி" என்றாள் அத்தை. தையல் போட்ட வாயால். "போர்வையப் பிரிடி."

பிளேடு எடுத்தேன். கடைசியாக மூடிய பக்கம். பஞ்சுக்குள் அவள் பல், வேரோடு. சுற்றிலும் பஞ்சு பழுப்பாக இருந்தது, என் உப்பும் தண்ணீரும் அதுவரை போகவில்லை. அவர்கள் வீட்டுக் குளியலறையில் விழுந்த பல் என் தையலுக்குள் எப்படி வந்தது என்று அதிகாரி கேட்கவில்லை. எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, முதலிலிருந்து சொல்லுங்கம்மா என்று உட்கார்ந்தாள். அத்தை சொன்னாள். போன வருஷம் அவள் மணிக்கட்டு உடைந்ததும் வழுக்கி விழுந்து அல்ல தம்பி. நானும் நம்பியிருந்தேன்.

போர்வை இப்போது ஸ்டேஷனில். என்மேல் உள்ள வழக்கும் அப்படியே இருக்கிறது, சுட்டது சுட்டதுதான். புதிதாக ஒரு போர்வைக்குக் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறோம். நான் கட்டம் போட்டேன், அத்தை அதை அடித்துவிட்டாள். ஓரம் முழுக்க முக்கோணம் வேண்டுமாம், கூர் வெளிப்பக்கம் பார்க்க. நடுவில் பூ வைக்கவா என்றேன். பூவெல்லாம் உன் மருமகளுக்குத் தை, எனக்குச் சிவப்பு வை, துவைக்கிற வேலை உனக்கு மிச்சம் என்றாள். சிரித்ததில் தையல் பிரிந்து மறுபடி ரத்தம். இந்த முறை நான் குழாய்ப் பக்கம் போகவில்லை.

பதினெட்டாம் தேதி அவள் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். அவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான், உன்னை மறுபடி கூப்பிடுவான், கைப்புண்ணைக் காட்டுவான். புண் பொய்யில்லை. ஆனால் நீ சொன்னால் அத்தை கேட்டுவிடுவாள், உன்னையும் பிள்ளை என்றே நினைக்கிறாள். ஆகவே பதினெட்டுவரை அவளைக் கூப்பிடாதே. சமாதானம் பேசியே ஆகவேண்டுமென்றால் டிக்கெட் எடுத்து நேரில் வா. அவளை வாய் திறக்கச் சொல்லி உள்ளே பார். அதற்கப்புறம் பேசு.

கை ஓங்கும் நேரம் உனக்கு வராமல், நல்லபடியாக இரு. என் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதே.

உன்
அம்மா