சிவந்த கண்ணும் லாட்ஜ் விளக்கும்

மார்ச் 4, செவ்வாய்

கண் எரிகிறது. மிளகாய் அரைத்த கையால் தேய்த்த மாதிரி. பகல் முழுக்கத் திருப்பதி லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து வருகிறவர்களின் ஆதார் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவனுக்கு எரியாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பப் புத்தூர் போகும் ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்தது. காற்று பட்டதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எதிரில் இருந்தவர் "வூட்ல எதுனா துக்கமாப்பா?" என்றார். இல்லை என்றேன். நம்பாமல் பாதி வாழைப்பழம் கொடுத்தார்.

மார்ச் 6, வியாழன்

அசிங்கம். எழுதவே கை வரவில்லை.

சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் ரூம் சாவி வாங்கிக்கொண்டு நேராக மேனேஜர் சுதீரிடம் போயிருக்கிறது. "சாமி பாக்க வர்ற ஊர்ல, கவுண்டர்லயே குடிச்சிட்டு உக்காந்திருக்கான்" என்று. சுதீர் உள்ளே கூப்பிட்டு, "கோவர்த்தன், ஊது" என்றார். ஊதினேன். இந்த வயதில், மேனேஜர் முகத்துக்கு நேராக. வாசனை ஒன்றும் இல்லை. ஆனாலும் "தாகலேதா? மரி ஆ கண்ட்லு ஏன்ட்டி?" என்கிறார். குடிக்கவில்லையென்றால் அந்தக் கண் ஏன் அப்படி இருக்கிறதாம். எனக்கென்ன தெரியும்?

இன்னொரு புகார் வந்தால் முதலாளியின் அம்மா ரத்னம்மா காதுக்குப் போகும், பிறகு வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்றார். சொல்லிவிட்டு லாபியில் பெருமாள் படத்துக்கு முன்னால் எரியும் விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மார்ச் 7, வெள்ளி

மெடிக்கலில் கண் சிவப்பு போக மருந்து கேட்டேன். சின்னக் குப்பி ஒன்று கொடுத்தான். விட்ட கொஞ்ச நேரத்தில் கண் பால் மாதிரி வெளுத்துவிட்டது. அப்பாடா.

மார்ச் 11, செவ்வாய்

அப்பாடா இல்லை. வெளுப்பு கொஞ்ச நேரம்தான். பிறகு முன்னைவிடச் சிவப்பு. திரும்பத் திரும்ப பாத்ரூமுக்குப் போய் விட்டுக்கொண்டு வருகிறேன்.

மார்ச் 13, வியாழன்

பாத்ரூம் வாசலில் சுதீர் நின்றிருந்தார். "ஜேப்ல என்னா பாட்டில்?" எடுத்துக் காட்டினேன். கண் மருந்துதான் என்று தெரிந்தால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ தலையை ஆட்டிக்கொண்டு, "குடிக்கிறவங்க எல்லாரும் இதத்தான் வெச்சிக்கினு இருப்பாங்க, கண்ணு தெரியக்கூடாதுன்னு" என்றார்.

என் பக்கத்துச் சாட்சியே எனக்கு எதிராகப் போய் நின்றுவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

வீட்டுக்குப் போனதும் பிரித்திகா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். ஒன்பதாவது படிக்கிற என் பெண், கட்டிக்கொண்டு எத்தனையோ நாளாயிற்று. சந்தோஷமாகத்தான் இருந்தது. மூக்கை என் சட்டைக் காலர் பக்கம் கொண்டுபோய் மெல்ல மூச்சை இழுத்தாளே, அதுவரைக்கும்.

மனைவி தாட்சாயணி சமையற்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்பினதே அவள்தான் போல. "ஏன்டி, நீயே வந்து மோந்து பாக்கறதுதானே" என்று கத்திவிட்டேன். அவள் அழுதாள். "உங்க நைனாவுக்கும் இதே கண்ணுதான் இருந்துச்சி. எனக்கு பயமா இருக்காதா?" என்றாள்.

இருந்தது. அப்பா குடித்துக் குடித்தே போனார். அதனால்தானே நான் கல்யாண வீட்டில்கூட அந்தப் பக்கம் போவதில்லை. அந்தக் கண்ணைத் தவிர அவரிடமிருந்து ஒன்றும் வாங்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? சாப்பிடவில்லை. படுத்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

லீவு போட்டுத் திருப்பதியிலேயே கண் டாக்டரிடம் போனேன். டாக்டர் நந்திதா, வேலூர்ப் பக்கம், சின்ன வயசு. இமைக்கு உள்ளே ஒரு காகிதத் துண்டைச் சொருகி உட்காரவைத்தார். எடுத்துப் பார்த்தால் நுனி மட்டும் நனைந்திருந்தது.

"கண்ணு காஞ்சு போயிருக்குங்க."

"கண்ணீரா ஊத்துதே டாக்டர்."

"காஞ்சு எரியறதாலதான் ஊத்துது. கண்ணு மேல நிக்க வேண்டிய ஈரத்துல கொஞ்சம் எண்ணெயும் இருக்கணும். உங்களுக்கு அந்த எண்ணெய் சரியா வரல. அதனால எவ்ளோ ஊத்தினாலும் நிக்காம வழிஞ்சு போயிடுது."

மெடிக்கல் குப்பியைக் காட்டியதும் முகம் மாறியது. அது சிவப்பை அமுக்கி வைக்குமே தவிர வறட்சியைத் தீர்க்காதாம், விடவிட இன்னும் சிவக்குமாம். உடனே நிறுத்தச் சொன்னார். வேறு சொட்டு மருந்து எழுதினார். வெந்நீரில் நனைத்த துணியைத் தினமும் இமைமேல் ஒற்ற வேண்டும். ஸ்கிரீனைப் பார்க்கும்போது முழுசாக இமைக்க வேண்டும். நான் பாதிதான் இமைக்கிறேனாம். இத்தனை வருஷம் இமைக்கக்கூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"முழுசா போய்டுமா?"

"பாத்துக்கிட்டா அடங்கி இருக்கும். விட்டா திரும்பும்."

எழுந்திருக்கும்போது, "இவன் குடிக்கலன்னு ஒரு சீட்டு எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, "ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்குதா?" என்று கேட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

அடிக்கிறது. ஏசியின் பட்டைகளைக் கவுண்டர் பக்கம் திருப்பிக் கம்பியால் கட்டியே வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் காற்று விளக்கில் படும். ரத்னம்மா காலையில் ஏற்றும் விளக்கு, சாயங்கால பூஜை வரைக்கும் அணையக்கூடாது. லாட்ஜ் கட்டின நாளிலிருந்து அதுதான் கட்டளை. சுதீரிடம் சொன்னேன். "தீபம் அணைஞ்சா நீ பதில் சொல்றியா?" என்றார்.

விளக்கு அணையக்கூடாது. எனக்குக் கண் காயலாம்.

மார்ச் 22, சனி

கம்பியை அவிழ்த்து ஏசிப் பட்டைகளை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டது.

விளக்கு அணைந்தது. அதுவும் சனிக்கிழமை, லாபி நிறைய ஆட்கள். ஒரு அம்மாள் "ஐயோ" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சுதீர் மாடிக்கு ஓடினார். ரத்னம்மா கைத்தடியோடு இறங்கி வந்தார். அதற்குள் காய்ந்து எரிந்துகொண்டிருந்த என் கண்ணிலிருந்து தாரைதாரையாக ஊற்றுகிறது.

என்னைப் பார்த்ததும் அவர் கோபம் இறங்கிவிட்டது. அந்தம்மாவுக்கு நம்மைப் போலவே தமிழும் வரும். "விளக்கு அணைஞ்சதுக்கா இப்படி அழற? இவனப் போயா குடிகாரன்னு சொன்ன, சுதீர்?" என்றார்.

அப்படியே தலையைக் குனிந்து நின்றிருந்தால் போதும். வேலையும் தப்பியிருக்கும், பக்தன் என்று பேரும் கிடைத்திருக்கும். எனக்கென்னவோ மனசு வரவில்லை. ஒரு பொய்ப்பேரைத் துடைக்க இன்னொரு பொய்ப்பேரா?

"நான் அழலம்மா. கண்ணு காஞ்சு போயிருக்கு. கம்பிய அவுத்தது நான்தான். வேலைய விட்டு அனுப்புறதா இருந்தா அதுக்காக அனுப்புங்க. குடிகாரன்னு சொல்லி அனுப்பாதீங்க. வூட்ல பொண்ணு இருக்கு."

ரத்னம்மா கம்பியைப் பழையபடி கட்டச் சொன்னார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். விளக்கை என்னையே ஏற்றச் சொல்லிவிட்டு, மெல்ல நடந்து போய் என் நாற்காலியில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே இருந்தார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"சுதீர், ஈ காலிலோ மனிஷி எலா கூர்ச்சுண்டாடு?" இந்தக் காற்றில் மனுஷன் எப்படி உட்காருவான் என்று. அப்புறம் என்னிடம், "என்கிட்ட கேக்காம கை வெச்சது தப்பு" என்றார். தப்புதான் என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

விளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு வந்துவிட்டது. காற்று அந்தப் பக்கம் போகிறது. சுதீர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏப்ரல் 2, புதன்

சொட்டு, வெந்நீர்த் துணி, இமைப்பு. சொட்டு, வெந்நீர்த் துணி, இமைப்பு. சலித்துப்போகிறது. நேற்று ஒத்தடம் கொடுக்காமல் தூங்கிவிட்டேன், இன்று எரிகிறது. இனி சாகும்வரை இதுதானா?

ஏப்ரல் 13, ஞாயிறு

சிவப்பு முழுசாகப் போகவில்லை. காலையில் கொஞ்சம் தேவலை.

எனக்கு நானே சொட்டு விட்டால் பாதி கன்னத்தில்தான் போகிறது. பார்த்துக்கொண்டே இருந்த பிரித்திகா குப்பியைப் பிடுங்கிக்கொண்டாள். "மேல பாரு நைனா. ஆடாத." இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவள் முகம் என் முகத்துக்கு அவ்வளவு கிட்டே வந்ததும் பழைய பயத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"மூச்சு வுடு, ஒண்ணுமில்ல" என்றாள். விட்டேன். அவள் மோந்து பார்க்கவில்லை. சொட்டு கரெக்டாக விழுந்ததா என்றுதான் பார்த்தாள்.