பால் வெள்ளை

பிப்ரவரி 9

வாயாடித் தங்கைக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நீ மகள் வீட்டுக்குப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. போன விதத்தில்தான் வருத்தம். விடுதிக்காரர் தன் கூடத்துக்கு விளக்குகள் வாங்க வந்து நிற்கிறார். நான் ஊதிய கண்ணாடிக் குமிழைக் கையில் தூக்கி, "பால் வெள்ளைதானே கேட்டேன்?" என்கிறார். நீ இன்னொரு குமிழின் வாயில் பித்தளை வளையத்தைத் திருகிக்கொண்டே, "அண்ணனுக்கு இப்பல்லாம் வெள்ளைன்னா நீலம்தாங்க" என்று சிரிக்கிறாய். அவரும் சிரித்துக்கொண்டே போனார். அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

"வெளியே போ" என்று நான் கத்தியது உண்மை. பட்டறையை விட்டுப் போகச் சொன்னேன். ஊரை விட்டா போகச் சொன்னேன்?

உடைந்த பாட்டில்களை உருக்கி, ஊதுகுழலில் உதடு வெந்து, யார் காலையும் பிடிக்காமல் இந்தத் தொழிலைக் கற்றவன் நான். எனக்கு வெள்ளை தெரியாதா? கண்ணாடியில் மஞ்சள் ஏறினால், வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவதுபோல, உலையில் ஒரு சிட்டிகை நீலப்பொடி போட வேண்டும். இப்போது வரும் மணல் மோசம், மஞ்சள் அதிகம் ஏறுகிறது. அதனால் பொடியும் கொஞ்சம் கூடுகிறது. மணலைத் திட்டு. என் கண்ணைத் திட்டாதே.

உன் திருப்புளியும் கம்பிச்சுருளும் நீ வைத்த இடத்திலேயே இருக்கின்றன. யாரையும் தொடவிடவில்லை. அதற்காக உன்னை வா என்று அழைப்பதாக நினைத்துக்கொள்ளாதே.

கோபத்துடன்,
அண்ணன்

பிப்ரவரி 20

கோபக்கார அண்ணனுக்கு,

உன் கோபம் நலமா? அது நலமாக இருந்தால் நீயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை மகள்தான் வாசித்துக் காட்டினாள். முடித்ததும், "மாமா உன்னை வரச் சொல்றாரும்மா" என்றாள். "எங்கடி சொல்லியிருக்கு?" என்றேன். "கம்பிச்சுருள்ல" என்றாள்.

இப்போது வர முடியாது அண்ணா. அடிக்கடி வயிற்றுவலி என்பேனே, அதற்கு மருத்துவர் ஒரு பெயர் வைத்திருக்கிறார். நீளமான பெயர், எதற்கு எழுத வேண்டும். படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார்கள். இந்த அறையில் ட்யூப் லைட். மல்லாந்து படுத்தால் நேராகக் கண்ணில் குத்துகிறது. அணைத்தால் அறை இருட்டு.

எனக்கு ஒரு விளக்கு செய்து அனுப்பு. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோமே, அந்தப் பால் வெள்ளை. விழித்துக் கிடக்கிறவள் பார்த்துக்கொண்டே இருக்கும்படியான வெள்ளை. நீலமாக இருந்தால் தயவுதாட்சண்யம் பார்க்க மாட்டேன், சொல்லிவிடுவேன். உடம்புக்குத்தான் முடியவில்லை, வாய்க்கு ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் கேள். உலையின் வாயையே பார்த்துப் பழுத்த கண் அது. ஒருநாள் கண் மருத்துவரிடம் காட்டினால் உன் கிரீடமா இறங்கிவிடும்?

உன் வாயாடி

மார்ச் 6

தங்கைக்கு,

அந்த நீளப் பெயரை எனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவாய்? உன் மகளிடம் தொலைபேசியில் கேட்டால் அவளும் மழுப்புகிறாள். அம்மாவும் மகளும் சேர்ந்து என்னைக் கிழவனாக்கிவிட்டீர்கள்.

விளக்கு வருகிறது. ஒரே உருக்கில் இரண்டு ஊதினேன். நல்லது உனக்கு, அதன் இரட்டை எனக்கு. அவசரப்பட்டு எடுத்தால் கண்ணாடி என்றைக்காவது தானாக விரிசல் விடும் என்று, ஆறும் அடுப்பின் கதவைத் திறக்காமல் காவல் இருந்தேன். மரத்தூளில் பொதிந்திருக்கிறேன். பிரிக்கும்போது வாய்விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம் என்று உன் மகளிடம் சொல்.

பித்தளை வளையம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அது உன் வேலை, எனக்கு வராது. கழற்றிக் கழற்றி மாட்டியும் ஒரு பக்கம் சரிந்தே நிற்கிறது. அதற்கு நீ திட்டலாம். அனுமதி தருகிறேன்.

நிறத்துக்கு ஒரு பந்தயம். நீலம் என்று எழுதினால், நான் போய்க் கண்ணைக் காட்டுகிறேன். வெள்ளை என்று எழுதினால், நீ எழுந்து வந்து அந்த விடுதிக்காரர் முன்னால் அதைச் சொல்ல வேண்டும்.

அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

விளக்கு வந்தது. வெள்ளைதான். அப்படியே பால்.

வளையமும் நேராகத்தான் இருக்கிறது. எனக்கே இவ்வளவு நன்றாக வராது.

அன்றைக்கு நான் சொன்னது தப்பு. பந்தயத்தில் நீ ஜெயித்துவிட்டாய். எழுந்து வரத்தான் கொஞ்சம் நாளாகும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

தங்கை

ஏப்ரல் 30

வாயாடிக்கு,

இதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. உன் மகள் வீட்டுக்கே அனுப்புகிறேன். பிரிக்காமல் உன் விளக்கின் அடியில் வைக்கட்டும்.

உன் கடிதம் வந்த அன்று காலையில் ஜெயித்தவன் மாதிரித்தான் திரிந்தேன். பக்கத்துப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு வாசித்துக்கூடக் காட்டினேன். அப்புறம் அந்த வளையம் நினைவுக்கு வந்தது. சரிந்து நின்றதை என் கையாலேயே தடவிப் பார்த்து அனுப்பியிருக்கிறேன். அதை நேர் என்கிறாய். பிறந்ததிலிருந்து என்னிடம் எதையும் விட்டுக்கொடுக்காதவள், ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால் நான் என்ன நினைப்பது? அந்த நீளப் பெயர் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஜெயித்தவன்தான், ஆனாலும் தோற்றவனாகப் பந்தயப்படி கண்ணைக் காட்டப் போனேன். பார்த்தவுடன், "புரை முத்தி எல்லாமே மஞ்சளாத்தானே தெரிஞ்சிருக்கும், இத்தனை நாள் எப்படிங்க வேலை செஞ்சீங்க?" என்றார் மருத்துவர். வலது கண்ணை அறுத்துக் கட்டுப் போட்டார்கள். சரியானதும் ஒரு நல்ல குமிழாக ஊதி எடுத்துக்கொண்டு உன்னைப் பார்க்க வரலாம் என்றிருந்தேன். அதற்குள் உன் மகள் அழைத்துவிட்டாள். கட்டோடுதான் வந்தேன். ஒற்றைக் கண்ணால்தான் உன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன்.

உன் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உன் மகள் சொன்னாள்: "பல்பை மாத்தட்டுமாம்மா, ரூமே நீலமா இருக்கேன்னு கேட்டேன் மாமா. அதுக்கு அப்படி ஒரு திட்டு. 'வாய மூடுடி, அது வெள்ளை. மாமா காதுல விழுந்துடப் போகுது'ன்னாங்க." எந்த ஊரிலோ இருக்கும் மாமாவின் காதிலா?

கட்டுப் பிரித்ததும் பட்டறைக்கு வந்து எனக்கென்று வைத்துக்கொண்ட இரட்டை விளக்கை ஏற்றிப் பார்த்தேன். அறுத்த வலது கண்ணைப் பொத்தினால் வெள்ளை. அறுக்காத இடது கண்ணைப் பொத்தினால் நீலம். சோப்புத் தண்ணீர் மாதிரி நீலம். மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு உன்மேல் கோபம் தீரவில்லை. கடைசியில் என்னைத் திட்டாமல் போய்விட்டாயே, அதை நான் மன்னிக்கப் போவதில்லை.

இடது கண்ணையும் அறுத்துவிடலாம், வாருங்கள் என்று ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார் மருத்துவர். நான் போகவில்லை. யார் சொன்னாலும் போகமாட்டேன். அந்த ஒரு கண்ணில்தான் நீ சொன்னது பொய்யில்லை.

கம்பிச்சுருள் அங்கேயேதான் இருக்கிறது.

கோபத்துடன்,
அண்ணன்