மன்னரின் பேழைக்கு மூன்றாம் விடை வேண்டி அருவிமேட்டுக்கு விடுத்த ஓலை

மழை பிழையாத செம்பாறை நாட்டின் பட்டத்தரசி, மறைந்த மன்னர் காரிவளவரின் தேவி நன்முகையார், அருவிமேட்டுத் தலைவி பைங்கோதையார்க்கு விடுக்கும் ஓலை. உம் அருவி வற்றாதிருக்க. உம் குடிகள் நோயின்றி வாழ்க.

மன்னர் மறைந்து இருபத்தாறு நாள் ஆயிற்று. இளவரசி தளிர்மதிக்கு முடி உரியதென்று அவர் கைப்பட எழுதிய பட்டயம் ஓலைமாடத்தில், அவருடைய பேழைக்குள் இருக்கிறது. வரும் நிறைமதிக்குள் அது அவையில் படிக்கப்படாவிடில் முடி மன்னரின் தம்பி மானவளவருக்குப் போய்விடும்.

எம் மாடத்து வழக்கம் நீர் அறிந்ததே ஆயினும் சொல்லிவைப்பது முறை. உரியவர் தம் மறைமொழியைக் காவலர் காதில் சொன்னாலன்றிப் பேழை திறவாது. அவர் மறந்தாலோ மறைந்தாலோ, முன்னமே அவர் விட்டுவைத்த ஒரு கேள்விக்கு உற்றார் விடை சொல்லலாம். மூன்று முறை தவறினால் பேழைக்கு அரக்கிட்டுப் பன்னிரண்டு ஆண்டு மூடிவிடுவர்.

மன்னர் விட்டுச்சென்ற கேள்வி இது: என் மனம் ஆறிய இடம் எது?

இருபது ஆண்டு உடன் வாழ்ந்தவள் என்னும் துணிவில் தேவியார் அவையறியவே விடை சொன்னார். தாம் மணந்த தாமரை மண்டபம் என்றார். மாடக் காவலர் பூதனார் இல்லையெனத் தலையசைத்தார். மகளின் தொட்டிலருகு என்றார். பூதனார் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, போதும் தாயே, இன்னொன்றுதான் மிச்சம், அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சினார். அண்ணன் மனம் அண்ணியாருக்கே தெரியவில்லையா என்று மானவளவர் சிரித்தது அவை முழுதுக்கும் கேட்டது.

அதன்பின் பூதனார் தனியே வந்து, விடையறிந்த துணை ஒருவரை மன்னர் குறித்துவைத்திருப்பதாகச் சொன்னார். அது உம் பெயர்.

மன்னர் ஆண்டுதோறும் ஆடியில் பத்து நாள் எல்லைக்கல் பார்க்க அருவிமேட்டுக்குப் போவார். நான்கு கல்லைப் பார்க்கப் பத்து நாள் எதற்கென்று தேவியார் ஒருமுறையும் கேட்டதில்லை. திரும்பியதும் மூன்று நாள் அரண்மனைச் சோற்றில் உப்பில்லை என்பார்; ஏதோ ஒரு பாட்டின் முதலடியை முணுமுணுப்பார்; இரண்டாம் அடி இதுவரை தேவியார் காதில் விழுந்ததில்லை. நீர் அழகியரா, முதியவரா, அவரோடு சிரித்துப் பேசினீரா என்பதெல்லாம் ஆளனுப்பி அறியக்கூடியவையே. அனுப்பவில்லை. அறிந்தால் உம்மிடம் இந்த உதவியைக் கேட்க நா எழாது. மகளுக்காக அந்த நா எழுந்தாக வேண்டும்.

இவ்வோலையுடன் பல்லக்கும் பன்னிரு வீரரும் வருகின்றனர். நிறைமதிக்கு நான்கு நாள் முன்னதாக வந்துசேர வேண்டுகிறோம். அரசியர்க்குரிய விருந்தும் இருக்கையும் உமக்குக் காத்திருக்கும். பேழையில் உம் கையெழுத்து ஓலைகள் இருப்பின், கட்டுப் பிரியாமல் உம்மிடமே தரப்படும்; தேவியார் அவற்றைத் தொடமாட்டார் என்பதற்கு மகள் மேல் ஆணை.

தேவியார் தம் கைமோதிரத்தால் முத்திரையிட்டார். மேலே சொன்ன யாவும் வேண்டுகோள். கட்டளை ஒன்றே: விடையைப் பூதனார் காதில் மட்டும் சொல்லுக. அவ்வேளை தேவியார் மாடத்துக்கு வெளியே நிற்பார். அந்த இடத்தின் பெயரை அவர் உயிரோடு உள்ளவரை இந்நாட்டில் எவரும் அவரிடம் சொல்லலாகாது.