நடுவர் மணியடிப்பதற்குள் சொன்னது

அண்ணே,

பீரோவைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசத்தோடு அந்தப் பொன்னாடை கைக்கு வந்தது. உங்களை எதிர்த்துப் பேசி நான் வாங்கியது. வீட்டில் ஒரு நாள்கூடப் போர்த்தியதில்லை.

கொடைக்கானல் நாயுடுபுரம் கோயில் திருவிழாப் பட்டிமன்றத்துக்குத் தலைப்புக் கொடுத்ததே நீங்கள்தான். ஐரோப்பிய நாடுகள் தங்கள் சட்டங்களை ஒன்றாக்க வேண்டுமா, வேண்டாமா? "அவுங்க சட்டத்துக்கும் நமக்கும் என்ன சோலி?" என்று கமிட்டியில் சிரித்தார்கள். "எனக்கு இருக்குங்க" என்றீர்கள். அது எனக்கு மட்டும்தான் விளங்கியது.

இத்தாலியில் சமையல் வேலைக்குப் போன இடத்தில் கல்யாணம் செய்து, பிரிந்தீர்கள். மாதம் இரண்டு ஞாயிறு மகளைப் பார்க்கலாம் என்று அங்கே கோர்ட் சொன்னது. அந்த அம்மா பிள்ளையோடு பக்கத்து நாட்டுக்குக் குடிபோனார். அங்கே தீர்ப்பை நீட்டினால், முதலிலிருந்து வழக்குப் போடச் சொன்னார்கள். "ரயில்ல மூணு மணி நேரந்தான், தம்பி. பிள்ளை அதே பிள்ளை. சட்டம் வேறயாம்" என்று ஏரிக்கரையில் நடக்கும்போது சொன்னீர்கள். "யார்ட்டயும் சொல்லிறாத" என்றும் சொன்னீர்கள்.

மேடையில் 'யாரோ ஒரு தகப்பன்' என்று பேசினீர்கள். கைதட்டல் அடங்க நேரமானது. அடுத்து, 'வேண்டாம்' கட்சிக்கு நான். பழனியில் விசிறிக்கொள்கிற நேரத்தில் இங்கே கம்பளி தேடுகிறோம், ஊருக்கு ஊர் வழக்கம் வேறு என்றேன். ஒரு கைதட்டல் இல்லை. மணியடிக்கிற நேரமாகிவிட்டது. எதிரணியைக் கேலி செய்யலாம், வீட்டு விஷயத்தைத் தொடக்கூடாது என்பது நமக்குள் எழுதாத சட்டம். நான் தொட்டேன்.

"அந்தத் தகப்பன் நம்ம அண்ணன்தாங்க. ஐரோப்பாவுக்கே ஒரே சட்டம் போட்டாலும், அண்ணன் வச்ச குழம்புக்குப் பயந்து ஓடுன பொண்டாட்டிய எந்தக் கோர்ட்டு கூட்டிட்டு வரும்?"

பந்தலே சிரித்தது. பதில் சொல்ல உங்களுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. "ஒண்ணுமில்லீங்க" என்று உட்கார்ந்துவிட்டீர்கள். நடுவர் பொன்னாடையை உங்கள் கையில் கொடுத்தே எனக்குப் போர்த்தச் சொன்னார். "குளிருது, நல்லா இழுத்துப் போத்திக்க" என்றீர்கள்.

என் கட்சி இன்றும் சரியாகவே இருக்கலாம். அதை வைத்து நான் என்ன செய்ய? பிறகும் என்னோடு நடக்க வந்தீர்கள். மகள் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்க வெட்கப்பட்டு, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். போன மழைக்காலத்தில் உங்கள் நெஞ்சுவலி முந்திக்கொண்டது. கேட்காததை நினைத்தால் இன்னும் கூசுகிறது, அண்ணே.

உங்கள் மகள் கொடைக்கானல் வந்திருக்கிறாள். உங்கள் மேடைச் சிநேகிதர்களில் நெருக்கம் நான்தான் என்று கோயிலில் சொல்லியிருக்கிறார்கள். அப்பா தன்னைப் பற்றி என்ன பேசுவார் என்று கேட்க நாளை காலை வீட்டுக்கு வருகிறாள்.

ஏரிக்கரையில் நீங்கள் சொன்னது பத்திரமாக என்னிடம் இருக்கிறது. அதை மட்டும் சொல்லி அனுப்பிவிடலாமா என்று மனசு நைசாகக் கேட்கிறது. ஆனால் அதற்கப்புறம் அப்பா ஏன் பேசவில்லை என்று அவள் கேட்பாள். பொன்னாடையை அதற்காகத்தான் மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன்.