அலமாரி மேல் ஒட்டகச்சிவிங்கி

அக்கா,

இன்று நம் ஐசியூவில் ஆயுத பூஜைக்குத் துடைத்தோம். சந்தனம் குழைத்த வாசனை வந்ததுமே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. வழக்கம்போல மானிட்டருக்கு ஒரு பொட்டு, வென்டிலேட்டருக்கு ஒரு பொட்டு, சளி உறிஞ்சும் மெஷினுக்கு ஒரு பொட்டு. ஆக்ஸிஜன் ஓடுகிற இடம் என்பதால் உள்ளே கற்பூரம் மட்டும் கிடையாது. அதை வாசலில் ஆம்புலன்ஸுக்குக் காட்டிப் பூசணிக்காய் உடைத்தாயிற்று. உயரமானவள் என்று என்னைத்தான் ஸ்டூல்மேல் ஏற்றினார்கள். மூலைப் படுக்கைக்குப் பக்கத்து மருந்து அலமாரியின் தலையைத் துடைக்கக் கை நீட்டினால், அங்கே மல்லாந்து கிடக்கிறது உங்கள் ஒட்டகச்சிவிங்கிப் படம். லேமினேஷன் ஓரம் பிரிந்திருக்கிறது. நீங்கள் வைத்த குங்குமம் கறுத்துப்போய் இன்னும் அதன் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்டூல்மேலேயே நின்றுவிட்டேன். தலை சுற்றுகிறதா என்று கீழே இருந்து கேட்டார்கள். ஆமாம் என்றேன். இரண்டு டியூட்டி சேர்த்துப் பார்த்தவள் அப்படிச் சொன்னால் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை.

இப்போது தாம்பரம் ஸ்டேஷனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். செங்கல்பட்டு வண்டி ஒன்று வந்து போயிற்று. ஏறுவதற்குக் கால் வரவில்லை. அடுத்ததில் போய்க்கொள்ளலாம்.

அந்தப் படம் வந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. நின்ற இதயம் திரும்ப ஓடத் தொடங்கிப் பிழைத்தவர்களில் சிலர், கண் விழித்ததும் ஏதேதோ சொல்வார்கள். நாவலூரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், தான் கூரைப் பக்கம் மிதந்துகொண்டு தன் உடம்பையே பார்த்ததாகச் சொன்னார். ஒரு பாட்டியம்மா, செத்துப்போன தன் அக்கா வந்து கையை நீட்டியதாகச் சொன்னார். நம் பெரிய டாக்டருக்கு இதில் தீராத ஆர்வம். ரத்தம் நின்றால் மூளை உடனே அணைந்துவிடும் என்றுதான் முன்பு நினைத்தோம், ஆனால் சிலருக்கு நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே மூளையில் மின் துடிப்புகள் தெரிகின்றன என்பார். நம் உடம்பு எங்கே இருக்கிறது என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் பகுதி தடுமாறினால், மேலே மிதப்பதுபோலத் தோன்றலாம் என்பார். நிச்சயமா சார் என்று கேட்டால், "தெரியல சிஸ்டர்" என்பார். அதற்காகவே அவரை நமக்குப் பிடிக்கும்.

நிஜமாகவே மேலே போயிருந்தால் மேலே இருப்பதைப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? வெளிநாட்டில் அலமாரிக்கு மேல், கீழிருந்து பார்த்தால் தெரியாதபடி படம் வைத்துச் சோதித்திருக்கிறார்களாம். தான் படித்த வரைக்கும் யாரும் அந்தப் படத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்றும் அவரே சொன்னார். ஆனாலும் ஆசை யாரை விட்டது. யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தானே ஸ்டூல் போட்டு ஏறி ஒரு படத்தை வைத்தார். என்ன படம் என்று நமக்குச் சொல்லவில்லை. நமக்குத் தெரியாமல் இருப்பதில்தான் சோதனையே இருந்தது.

அடுத்து வந்தது ஆயுத பூஜை. நீங்கள் ஏறினீர்கள். துடைத்தீர்கள். இறக்கி எல்லோருக்கும் காட்டினீர்கள். பொட்டும் வைத்துத் திரும்ப மேலே வைத்தீர்கள். டாக்டர் வந்தபோது வார்டு முழுக்க ஒட்டகச்சிவிங்கிப் பேச்சுதான்.

"அது என்ன படம்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே நானே ஏறி வெச்சேன்? இனிமே எந்தப் பேஷன்ட் சொன்னாலும், நீங்க பேசினது காதுல விழுந்ததுன்னுதானே சிஸ்டர் ஆகும்?"

நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "இன்னா சார், அதுவும் இங்க டூட்டி பாத்துகினுதான கீது. எல்லா மெஷினுக்கும் வெச்சிட்டு அத மட்டும் வுட்டா நல்லாவா கீது?"

அவர் சிரித்துவிட்டார். வேறு படம் வைக்கவும் இல்லை. அடுத்த வருஷமும் நீங்கள் துடைப்பீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

அவரை நிஜமாகக் கோபப்படுத்தியது உங்கள் கேள்விதான். பிழைத்து வந்தவர்களிடம் அவர் பொதுவாகத்தான் கேட்பார்: ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? அவர் வருவதற்கு முன்பே நீங்கள் போய்க் குனிந்து கேட்டுவிடுவீர்கள். "யாரனா வந்தாங்களா? உங்க ஆளுங்க யாரனா?"

"நீங்க அப்படிக் கேட்டா வராதவங்களும் வந்துடுவாங்க சிஸ்டர்," என்றார் ஒருமுறை.

"வரட்டுமே சார்," என்றீர்கள்.

அவர் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். பொத்தேரியில் கல்லூரி முடிந்து ஜிஎஸ்டி ரோட்டைக் கடக்கும்போது வண்டி மோதி உங்கள் மகள் போனது அவருக்கும் தெரியும். நீங்கள் டியூட்டியில் இருந்தீர்கள். சேதி வந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடைசியாக அவள் பக்கத்தில் யாரும் இல்லை என்பதுதான் உங்களைத் தின்றுகொண்டிருந்தது. போகிறவர்களைக் கூட்டிப்போக யாராவது வருவார்கள் என்றால், அன்றைக்கு அவளுக்கும் யாரோ வந்திருப்பார்கள். உங்கள் முறை வரும்போது அவளே வருவாள். இதை நீங்கள் என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு படுக்கையாகப் போய்க் கேட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா. அதுவே போதும்.

பிறகு உங்கள் முறை வந்தது. காலை டியூட்டிக்கு வந்து, உடை மாற்றும் அறையிலேயே சாய்ந்தீர்கள். நீங்கள் தினமும் விரிப்பு மாற்றுகிற அந்த மூலைப் படுக்கையிலேயே உங்களைப் போட்டோம். நான்தான் நெஞ்சை அழுத்தினேன். விலா எலும்பு முறிவது கைக்குத் தெரிந்தது. அக்கா, அக்கா, கண்ணைத் திற என்று கத்தினேன். நம் வழக்கம்தான் அது; காது கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று நாம் எல்லோரையுமே பேர் சொல்லிக் கூப்பிடுவோம். அன்றைக்கு வழக்கத்துக்காகக் கத்தவில்லை. பயத்தில் கத்தினேன்.

நீங்கள் வந்துவிட்டீர்கள். தொண்டைக் குழாயை எடுத்த பிறகு டாக்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் வாயைத் திறக்குமுன், "ஒட்டகச்சிவிங்கியத்தான சார் கேக்க வந்தீங்க? அத நான் பாத்துட்டுதான போனேன், செல்லாது," என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். உங்களுக்குச் சிரிக்கக்கூட நெஞ்சு வலித்தது.

மத்தியானம் பார்வையாளர் நேரம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஒண்ணியுமே இல்லடி. கரண்ட்டு போன வூடு மாரி. அதுல உன் கொரலு மட்டும் வந்துகினே இருந்திச்சி."

"மயக்க மருந்து போட்டிருந்தோம்க்கா. அது ஞாபகத்தை அழிச்சிடும். நிறைய பேருக்கு எதுவுமே நினைவிருக்காதுன்னு சாரும் சொல்லியிருக்காரு."

"அப்போ அவ வந்தாளா இல்லியான்னு யாருக்கும் தெரியாது."

"தெரியாதுக்கா."

பார்வையைக் கூரைக்குத் திருப்பினீர்கள். "வந்துதான் இருப்பா. நீ கூப்ட்ட, நான் இந்தப் பக்கம் திரும்பிக்கினேன்." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "அடுத்த தபா கூப்டாத, இன்னா? மத்தவங்கள கூப்டு. என்ன வுட்டுடு."

கோபப்பட்டதாக ஞாபகம் இல்லை. அலுப்பாகத்தான் இருந்தீர்கள். எனக்கும் அலுப்புதான். சரிக்கா என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். கை நோக அழுத்தித் திருப்பிக் கொண்டுவந்தது உங்களுக்கு வேண்டாத இடத்துக்கா என்று நினைத்ததும் அழுகை வந்தது. மருந்து கலக்குகிற மேடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு உங்கள் இதயம் தேறவே இல்லை. பொங்கல் கழிந்து மறுபடி சேர்த்தபோது, இனி நெஞ்சை அழுத்தி எழுப்பினாலும் பயனிருக்காது என்று டாக்டர் உங்களிடமே உட்கார்ந்து பேசினார். நீங்கள் தலையாட்டினீர்கள். கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்திருந்த உங்கள் அண்ணனும் சரி என்றார். கூப்பிட வேண்டாம் என்று நீங்கள் என்னிடம் கேட்டுக்கொண்டதை அண்ணனிடம் நான் தனியாகச் சொல்லிவைத்தேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்து வார்டு அடங்கியிருந்த ஒரு மத்தியானம் அது. மானிட்டரில் கோடு தளர்ந்துகொண்டே வந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் தோள் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். எனக்கு வாய் தானாகத் திறந்தது. இத்தனை வருஷப் பழக்கம், சும்மா இருக்குமா? உதட்டைக் கடித்துக்கொண்டேன். உங்கள் கண் பாதி திறந்து, எங்கள் இருவருக்கும் அந்தப் பக்கம், சுவரோரம் பார்த்தபடி இருந்தது. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரிடம் சொன்னால் தசை தளர்ந்தால் கண் அப்படித்தான் நிற்கும் என்பார். எனக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தச் சுவரை அடிக்கடி பார்க்கிறேன்.

டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். இப்போது யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. போன வாரம் மாடம்பாக்கத்து ஆட்டோ டிரைவர் ஒருவரைத் திருப்பிக் கொண்டுவந்தோம். அவர் பேசத் தொடங்கியதும் என்னை அறியாமல் குனிந்து உங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டேன்: யாராவது வந்தாங்களாண்ணா?

"நீதாம்மா வந்த," என்றார். "காட்டுக் கத்தலா கத்திகினு இருந்த. பேஜாராயிதான் எய்ந்துகினேன்."

உங்களிடம் சொல்லிச் சிரிக்க வேண்டிய விஷயம். இன்று ஸ்டூல்மேல் நின்று ஒட்டகச்சிவிங்கியிடம் சொன்னேன். தூசியைத் துடைத்து, பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்து, முகம் கூரையைப் பார்க்கும்படி திரும்ப வைத்துவிட்டேன். யாருக்காக என்று கேட்காதீர்கள். அதுவும் டியூட்டியில்தானே இருக்கிறது.

அடுத்த வண்டி வருகிறது. இதில் ஏறிவிடுவேன். நாளைக்கும் யாரையாவது பேர் சொல்லிக் கத்துவேன்; குரல் கட்டிப்போகிறது, வெந்நீர் குடிக்கிறேன், சரியாகிவிடுகிறது. அன்றைக்கு உங்களைக் கூப்பிடாமல் அடக்கினேனே, அந்த ஒரு 'அக்கா' மட்டும் எத்தனை வெந்நீர் குடித்தாலும் இறங்காமல் தொண்டையிலேயே நிற்கிறது.