உம்மாவின் குடையும் என் பாதி முகமும்

மருதமுனை
14.03.1981

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் நல்ல சுகம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நான் கட்டிலோடு கிடக்கிறேன் என்று நினைத்து நீங்கள் கடிதம் போட்டிருக்கிறீர்கள். எனக்குக் காய்ச்சலும் இல்லை, உம்மாவோடு சண்டையும் இல்லை. நான் அனுப்பிய போட்டோவில் என் பாதி முகம் இருண்டு, கண் கலங்கினாற்போல் இருந்ததற்காக ஜித்தா வேலையை அடுத்த மாதத்தோடு விட்டுவிட்டு வருவதா? வேண்டாம் மச்சான். வீட்டுக்குச் சுவர்தான் எழும்பியிருக்கிறது, கூரை இன்னும் ஏறவில்லை.

நடந்ததைக் கேளுங்கள். கல்முனையில் வல்லிபுரம் அண்ணனின் ஸ்டூடியோவுக்கு உம்மாவோடு போனேன். தெருவில் ஆண்களின் கண் படாமல் உம்மா குடையைச் சரித்துப் பிடித்து வருவது உங்களுக்குத் தெரியும்தானே. உள்ளே போன பிறகும் மடக்கவில்லை. என்னை இருத்தி, இரண்டு பக்கமும் பெரிய விளக்குகளைப் போட்டார் வல்லிபுரம் அண்ணன். அந்நிய ஆணின் வெளிச்சம் என் பிள்ளையின் முகத்தில் இப்படி விழுவதா என்று சொல்லி, உம்மா ஒரு விளக்குக்கு நேரே குடையைப் பிடித்துவிட்டா. அவர் கெஞ்சிப் பார்த்தார். பிறகு கமராவுக்குள் பார்த்தவர், அசையவேண்டாம், இதுதான் படம் என்று துள்ளிக்குதித்தார். ஒரு பக்க வெளிச்சம் முகத்துக்குக் கவலையைக் கொடுக்குமாம், இரண்டு பக்கமும் விழுந்தால் சந்தோசமாம். எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? காசு கொடுத்துக் கவலையை வாங்கி உங்களுக்கு அனுப்பிவைத்தேன்.

உங்கள் அறையில் இருக்கும் மீராசா காக்கா, இது துக்கத்தை மறைக்கிற முகம் என்று சொன்னாராமே. அவருக்குச் சலாம் சொல்லுங்கள். இத்தனை பாடுபட்டுக் குடை பிடித்துக் காத்த முகத்தைக் கடலுக்கு அப்பால் ஒரு மீராசா பார்த்துவிட்டாரே என்று உம்மாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே திரும்பப் போனோம். இந்த முறை வல்லிபுரம் அண்ணன் உசாராகிவிட்டார். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்காமல் மறைத்துக்கொள்ளுங்கள் என்று உம்மாவின் இரண்டு கையிலும் ஒரு வெள்ளைச் சீலையைக் கொடுத்தார். உம்மாவும் நம்பி உயர்த்திப் பிடித்தா. விளக்கு வெளிச்சம் அந்தச் சீலையில் பட்டுத் திரும்பி என் முகமெல்லாம் விழுந்தது உம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அதைப் பார்த்துத்தான் படத்தில் அப்படிச் சிரிக்கிறேன். குடை மூலையில் கிடந்தது.

அந்தப் படத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். தலையணைக்குக் கீழே வையுங்கள். சுவரில் ஒட்டினால் உம்மாவுக்கு எப்படியும் தெரிந்துவிடும். மனம் சோர்கிற நேரம் எடுத்துப் பாருங்கள், வேலையை மட்டும் விடாதீர்கள்.

முதல் படத்தையும் கிழித்துவிடாதீர்கள் மச்சான். உம்மாவின் குடை மறைத்தது ஒரு விளக்கைத்தான். அசையவேண்டாம் என்று வல்லிபுரம் அண்ணன் சொன்ன நேரம், நீங்கள் பஸ் ஏறிக் கை காட்டியது என் நினைவில் வந்து நின்றது. கண் கலங்கியதையும் வெளிச்சத்தின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

றப்பு உங்களைச் சுகத்தோடு காக்கட்டும். கூரை ஏறிய மறுநாளே நீங்கள் வாசலில் வந்து நிற்கவேண்டும்.

உங்கள்,
சுல்பிகா