நிஷா வீட்டு வாசல் பலகை

காரைக்கால்
18.2.1979

அன்பு மகன் ஆர்மானுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் கணுக்காலுக்கு மேலே நான் சௌக்கியம், கணுக்காலைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நீயும் ஜெனேவியேவும் குழந்தையும் அந்தப் பனியில் சுகமாக இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து வந்தது என் கால் மாதிரியே இல்லை, ஒல்லியாக, அழகாக இருந்தது, மற்றதையும் உடைத்துக்கொண்டால் ஜோடி சேர்ந்துவிடும் என்றேன், டாக்டர் சிரிக்கவில்லை.

நான் விழுந்த கதையைத் தெருவில் அவரவர் இஷ்டத்துக்குச் சொல்கிறார்கள். நடந்தது இவ்வளவுதான். மீன் வாங்கிக்கொண்டு, சாக்கடையை மூடிப் பலகை போட்டிருக்கிற நம் நடைபாதையில் வந்தேன். பக்கத்து வீட்டு அமீர் நிஷா வாசலில் சிமெண்டுப் பலகை ஒரு வருஷமாக உடைந்து கிடப்பது எனக்கும் தெரியும், அன்றைக்கு எதிர்வீட்டில் யார் வந்து இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே காலை வைத்துவிட்டேன். மீனைப் பூனை தூக்கியது, என்னைத் தூக்கத்தான் நாலு ஆள் வேண்டியிருந்தது.

நீ நாலு பக்கம் எழுதியிருந்தாய், பிரான்சில் என்றால் மேரி, அதாவது அந்த ஊர் நகராட்சி, நஷ்டஈடு கொடுத்தே ஆகவேண்டும், நடைபாதையைச் சரியாக வைத்திருப்பது அவர்கள் கடமை, சும்மா விடாதே என்று. கெட்டிக்காரக் கடிதம். எப்போது வருகிறாய் என்பது மட்டும் அதில் இல்லை, இடம் போதவில்லை போலிருக்கிறது. நீ சொன்னாயே என்று வக்கீல் நீலகண்டனை வீட்டுக்கு வரவழைத்தேன். அவரும் உன் கட்சிதான். பழுது தெரிந்தும் சரிசெய்யாமல் விட்டால் நகராட்சிதான் பொறுப்பு, ஆனால் உங்களுக்கும் தெரியும்னு மட்டும் கோர்ட்டில் வாயைத் திறந்துடாதீங்கம்மா என்றார். நகராட்சிக்கு நோட்டீஸ் போனது. பழைய பலகைகள்தான் எங்களுடையவை, இது வீட்டுக்காரர் அனுமதியின்றித் தாமே போட்டது, அவரைக் கேட்கவும் என்று பதில் வந்தது. அவள் போட்டது உண்மைதான். மகள் உம்மு சல்மா கல்யாணத்தில் மாப்பிள்ளை கார் வாசல்வரை ஏறவேண்டும் என்று நிஷா அகலமாக ஒன்று போட்டாள். நம் தெருவில் அனுமதி வாங்குகிற விதம் உனக்குத் தெரியாதா, நகராட்சி மேஸ்திரியைக் கல்யாணத்துக்கு அழைத்தாள், அவரும் அந்தப் பலகை மேலேயே நடந்து வந்து பிரியாணியை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கார் ஏறியதில் பலகை கீறிவிட்டது, அப்புறம் மெல்ல மெல்ல உடைந்தது.

பாதுகாப்புக்கு நிஷாவையும் எதிர்வாதியாகச் சேர்த்துவிடலாம், நகராட்சி நழுவினாலும் அவர் மாட்டுவார் என்றார் வக்கீல். அதெல்லாம் சும்மா பேருக்குத்தான் என்று நினைத்து நான் தலையாட்டிவிட்டேன். விழுந்த நாளிலிருந்து எனக்குக் கஞ்சி வைத்ததும் தலை வாரியதும் உன்னிடம் சொல்லக் கூச்சமான வேலைகளைச் செய்ததும் நிஷாதான். நோட்டீஸ் அவள் கைக்குப் போன அன்றைக்கும் கஞ்சியோடு வந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு, "ஏன் மார்கெரித்து, கோர்ட்டுக்கு நான் எந்தப் பொடவ கட்டிக்கிட்டு வரணும்? ஒன் பக்கத்துல நிக்கணுமா, எதுத்தாப்புல நிக்கணுமா?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. இந்த வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது, அதுவும் நெற்பயிருக்கு எப்போது உரம் போடுவது என்று. ஒரு குழி நிலம் இல்லாதவள், கடைசிவரை கேட்டேன்.

வக்கீலைக் கூப்பிட்டு நிஷா பெயரை எடுக்கச் சொன்னேன். கேஸ் பலவீனமாயிடும்மா என்றார். என் காலைவிடவா என்றேன். பிறகு ஊன்றுகோலோடு நானே போய் அந்தப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். "திரும்ப வுழுந்தியன்னா அந்தக் கேஸும் என் தலைலதான். கையக் குடுடி" என்று இழுத்து உள்ளே விட்டாள். பெயரை எடுத்துவிட்டேன் என்றதும், "மேஸ்திரி அது மேல நடந்து வந்து தின்னுட்டுப் போனத நானே சாட்சி சொல்றேன், நகராட்சிக்குத் தெரியாதுன்னு எவன் சொல்றான் பாப்போம்" என்று குதித்தாள். வக்கீலுக்குத் தெரிந்தால் துள்ளுவார், அந்தச் சாட்சி ஒன்று போதும். ஆனால் பலகை போட்டது நான்தான் என்று அவள் வாயாலேயே வந்துவிட்டால் நகராட்சி அவளைச் சும்மா விடுமா? வேண்டாம் என்றுவிட்டேன், வக்கீலிடமும் மூச்சு விடவில்லை. அதனால் கேஸ் தோற்றால் உன் சட்டத்தைக் குறை சொல்லாதே, கோபமும் படாதே.

கஞ்சி மறுபடி வருகிறது. முன்பெல்லாம் நிஷா கதவைத் தட்டியதே கிடையாது, நேரே அடுப்படிவரை வந்து பானையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பாள். இப்போது தட்டிவிட்டு, நான் வா என்று சொல்லும்வரை வெளியிலேயே நிற்கிறாள்.

குழந்தைக்கு என் முத்தம். ஜெனேவியேவ் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். பதிலில் சட்டம் வேண்டாம் அப்பா, நீ எந்த மாதம் வருகிறாய் என்று மட்டும் எழுது, ஒரு வரி போதும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
மார்கெரித்